மாப்பிள்ளை நின்ற வாசல்

மார்ச் 9, திங்கள்

இன்று காலை ஒரு தவறு செய்தேன். மருத்துவச்சி வீட்டு வாசலில் அவருடைய குடம் பாதி நிறைவதற்குள் வாளியின் அடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். தண்ணீர்வண்டியை இழுக்கும் கோவேறு கழுதை நகர்ந்துவிட்டது. பீப்பாயின் குழாயை நான் மூடியிருக்கவில்லை. தண்ணீர் முழுக்க மருத்துவச்சியின் காலிலும் வாசற்படியிலும் கொட்டியது.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் நான் குளிப்பாட்டினது போதாதுன்னு நீ என்னைக் குளிப்பாட்டறியா?" என்றார் அவர்.

அக்கா பின்னாலிருந்து ஓடி வந்து குழாயைத் திருகி மூடினாள். "குடம் நெறையணும், குழாயை மூடணும், அப்புறம்தான் தட்டணும். நீ எடுத்த எடுப்புல தட்டற. உன் புஸ்தகத்தையும் கடைசிப் பக்கத்துலேருந்துதான் படிக்கிறியா?"

அவள் சொன்னது சரி. எதையும் வரிசையாகச் செய்கிறவள் என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதற்றம் வந்தால் வரிசை கலைந்துவிடுகிறது.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. தண்ணீர்வண்டிக்காரி. அவள் வீட்டின் பின்னறையில் குடியிருக்கிறேன். நான் வேலை செய்த நூல் ஆலையைப் போர் வந்ததும் மூடிவிட்டார்கள். அதனால் காலையில் வண்டியோடு போகிறேன், சாயங்காலம் வகுப்புக்குப் போகிறேன். குண்டுவீச்சில் தெருக்குழாய்கள் உடைந்த நாளிலிருந்து எங்கள் மேட்டுத் தெருவுக்கு இந்த ஒரு வண்டிதான் தண்ணீர். அக்காவின் கணவரை அண்ணன் என்று கூப்பிடுகிறேன். முன்பு ஒரு பீப்பாய் உருண்டு அவருடைய இடது கால் ஒடிந்தது. அது கோணலாகச் சேர்ந்துவிட்டது. அவர் வீட்டிலிருந்தபடியே பீப்பாயின் இரும்பு வளையங்களை இறுக்குவார், சேணத்தைத் தைப்பார், சக்கரத்துக்கு மசகு போடுவார்.

கோவேறு கழுதைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவர்தான். "வாசலுக்கு வாசல் நின்னு, உபசாரம் பண்ணினாத்தான் அடுத்த அடி வைக்கிறான். வேற என்னன்னு கூப்பிடறது?"

அது உண்மை. எங்கள் தெருவில் ஒரு கதவு திறந்திருந்து அங்கே ஆள் நின்றால் மாப்பிள்ளை தானாக நின்றுவிடும். ரொட்டித் துண்டோ கிழங்குத் தோலோ யாராவது வாயில் வைப்பார்கள். வாளியடியில் இரண்டு தட்டுக் கேட்டால்தான் நகரும். சாட்டை, அதட்டல், கெஞ்சல் எதுவும் அதனிடம் செல்லாது. மற்ற தெருக்களில் யார் பிடித்து இழுத்தாலும் ஆட்டுக்குட்டி மாதிரிப் போகும்.

சாயங்கால வகுப்பு, மூடிக்கிடக்கும் தபால் அலுவலகத்தின் மாடியில். வரலாற்று ஆசிரியர் கக்கத்தில் எப்போதும் ஒரு சுருட்டிய படம் இருக்கும். அதனால் அவருக்கு 'வரைபடம்' என்று பெயர். ஆற்றுக்கு அப்பாலிருந்து பட்டாளம் வந்து ஊரைப் பிடித்த பிறகு, இருட்டுவதற்குள் வகுப்பை முடித்துவிடுகிறார். இன்று போர்களில் விலங்குகள். இரவில் மதிலேறிய எதிரிகளைக் காட்டிக்கொடுத்து ஒரு பழைய நகரத்தைக் காப்பாற்றிய வாத்துகள். பன்றிகளின் அலறலில் மிரண்டு சொந்தப் படையையே மிதித்த யானைகள். காலில் குண்டுபட்டும் செய்தியைக் கொண்டுசேர்த்த புறா.

"வாத்துக் கதை நிஜமா சார்?" என்று கேட்டேன்.

"வாத்துங்க எழுதி வைக்கலம்மா. ஜெயிச்சவங்க எழுதி வெச்சாங்க. பாதி நம்பு, பாதியை விசாரி."

போரில் ஒரு விலங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார். தளபதி யாருடைய பெயரும் வரக்கூடாதாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 12, வியாழன்

நேற்று மாப்பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

சார்ஜென்ட் ஒருவர் நான்கைந்து சிப்பாய்களோடு வந்தார். குட்டையான, சிவந்த முகம். பேச்சில் கெடுதல் தெரியவில்லை. கொட்டிலுக்குள் போய் மாப்பிள்ளையின் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதன் காதருகே துப்பாக்கியை உயர்த்தி வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை வைக்கோலை மென்றுகொண்டே இருந்தது.

"இதுதான் எனக்கு வேணும். பீரங்கி இழுக்கற மிருகம் சத்தத்துக்கு மிரளக் கூடாது" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. எப்படி, நல்லா இழுக்குமா?"

கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் பழக்கம். "நல்லா நிக்கும்" என்றேன்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். "நிக்கறதுக்கு எங்ககிட்ட நெறையப் பேர் இருக்காங்க" என்றார் சார்ஜென்ட்.

அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "தெருவே இவன் கொண்டுவர்ற தண்ணியைக் குடிக்குது. இவனைக் கொண்டுபோனா எங்க போவோம்?"

"யுத்தம்னா எல்லாரும் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்மா."

"பாலத்தை எடுத்துக்கிட்டீங்க. பாலத்து மேல நின்ன எங்க பீரங்கியை எடுத்துக்கிட்டீங்க. எங்க அடுப்பு விறகைக்கூட எடுத்துக்கிட்டீங்க. 'கொஞ்சம்' உங்க ஊர்ல எந்த அளவு?"

சிப்பாய்களைக் கண்டு தெருவில் எல்லாக் கதவும் மூடிக்கிடந்ததால் மாப்பிள்ளை எங்கும் நிற்கவில்லை; அக்கா தெருமுனை வரைக்கும் கயிற்றை விடாமலே கூடப் போனாள். அங்கே ஒரு சிப்பாய் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தது என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது.

இன்று காலை நாங்களே சுமந்தோம். ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து தோள்கழியின் இரு முனையிலும் வாளி கட்டி, மழையில் நனைந்த கல்தெருவில் ஏறினோம். சரிவு பாதியில் கால் வழுக்குகிறது; வாளி ஆடினால் தண்ணீர் போய்விடும், பிடித்தால் தோள் போய்விடும். எல்லா வீட்டுக்கும் ஒரு நடை முடிவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. தையல்காரர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். அவர்களுக்கு இரண்டாம் நடை. தோளில் தோலுரிந்த இடத்தில் அண்ணன் சக்கர மசகைத் தடவிவிட்டார். "கவலைப்படாதே நோட்டு, இனிமே கிறீச்சுனு சத்தம் போடமாட்ட" என்றார். நான் எந்நேரமும் எழுதுவதால் அவருக்கு நான் 'நோட்டு'.

மார்ச் 18, புதன்

முரசடித்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். நாளை வெற்றி அணிவகுப்பு. ஆற்றோரச் சாலை அவர்களுடைய குண்டுகளாலேயே பெயர்ந்துகிடப்பதால் ஊர்வலம் எங்கள் மேட்டுத் தெரு வழியாகச் சதுக்கத்துக்கு ஏறும். அங்கே அவர்களுடைய பெரிய தளபதி மேடையில் இருப்பார். எங்களிடமிருந்து பிடித்த பீரங்கியை, எங்களிடமிருந்து பிடித்த மிருகங்களை வைத்து இழுத்துவருவார்கள். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்க வேண்டும். எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும்.

சாப்பிடும்போது அண்ணன் வேகவைத்த கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தினார்.

"எல்லாக் கதவும் திறந்திருக்கணும்னா சொன்னான்?"

"ஆமா" என்றாள் அக்கா.

"எல்லாரும் வாசல்ல நிக்கணும்னு?"

"காது நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் கிழங்கைக் கீழே வைத்துவிட்டார்.

"அடியே, அவன் நின்னுடுவான்டி. மொத வாசல்லயே நின்னுடுவான்."

"நிக்கட்டும்."

"சுட்டுடுவாங்க. நான் போய் அந்த சார்ஜென்ட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். ரெண்டு தட்டுத் தட்டினா போயிடும்னு சொன்னா நமக்கு என்ன கொறஞ்சுபோகுது?"

"போங்க. சொல்லுங்க. அப்புறம் அவன் பீரங்கியை ஒரு தடங்கல் இல்லாம மேல கொண்டுபோவான். மேடையில நின்னுக்கிட்டு அந்தத் தளபதி நம்ம தெருவைப் பாத்துக் கையாட்டுவான். அதுக்கு நம்ம வாளியில தாளம் போட்டுக் குடுத்தவரு நீங்கன்னு இருக்கும்."

"எனக்கு மாப்பிள்ளை உசுரோட வேணும்."

"எனக்கு மட்டும் வேண்டாமா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "குட்டியா இருந்தப்ப என் பாவாடை நுனியைக் கடிச்சுக்கிட்டே நடந்தவன். அவனை என்னைக் கேட்டா கொண்டுபோனாங்க? அவனுக்குத் தெரிஞ்சதை அவன் செய்யறான். வழி சொல்லிக்குடுக்கறது நம்ம வேலை இல்லை."

"பயமா இருக்குடி."

"எனக்கும்தான். பயந்துக்கிட்டே சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

அண்ணன் போகவில்லை. மீதிக் கிழங்கையும் சாப்பிடவில்லை. யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

காலையில் தூறல். அக்கா எங்கள் வாசலில் நிற்காமல், தெரு அடிவாரத்தில் முதல் வீடான மருத்துவச்சி வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனாள். என் கையில் வாளியைக் கொடுத்தாள்.

"வாளி எதுக்குக்கா?"

"வாளி இல்லாம நம்மளைப் பாத்தா அவனுக்கு அடையாளம் தெரியாது."

முரசு முதலில் வந்தது. பின்னால் வரிசையாகச் சிப்பாய்கள். அதன் பின்னால் பீரங்கி. பாலத்தில் நின்றபோது பெரிதாகத் தெரிந்தது. இப்போது சிறியதாக இருந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு மிருகங்களைப் பூட்டியிருந்தார்கள். முன்னால் மாப்பிள்ளை, இளைத்திருந்தது. தலையில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்.

"முறைப்படி ஜோடிச்சுத்தான் அனுப்பியிருக்காங்க" என்றார் அண்ணன், உதடு அசையாமல். பயத்தில் அவர் கை நடுங்கியது.

மாப்பிள்ளை எங்களைப் பார்த்ததா, மருத்துவச்சியின் திறந்த கதவைப் பார்த்ததா, தெரியாது. வாசலுக்கு நேராக வந்ததும் நின்றது. பின்னால் வந்த மிருகம் அதன் மேல் இடித்து நின்றது. பீரங்கிச் சக்கரம் கல்லில் ஒரு முறை உருண்டு பின்வாங்கியது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் மோதினார்கள். முன்னால் போன முரசுக்காரர்கள் இதைக் கவனிக்காமல் அடித்துக்கொண்டே மேலேறிப் போய்விட்டார்கள்.

சார்ஜென்ட் கடிவாளத்தை இழுத்தார். சாட்டையால் அடித்தார். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். தோலுரிந்த இடம். நான் சத்தம் போடவில்லை. யாரோ ஒரு சிப்பாய் பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து நீட்டினான். மாப்பிள்ளை அதை வாங்கி நிதானமாகத் தின்றது. தின்றுவிட்டு நின்றது.

குதிரையில் கேப்டன் வந்தார். ஒல்லியானவர், கையுறை போட்டிருந்தார். "என்ன தடை?"

"கிளம்ப மாட்டேங்குது சார்."

கேப்டன் மருத்துவச்சியைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் ரொட்டித் துண்டு மருத்துவச்சியின் கையில் இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மென்றார்.

"ஏம்மா, இது ஏன் நிக்குது?"

மருத்துவச்சி மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பிரசவம்தான் பாக்கத் தெரியும். இதுக்கு இன்னும் வலி எடுக்கல போல. நேரமாகும்."

எதிர்வீட்டில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது பக்கத்து வாசலுக்குத் தாவியது. தெரு வளைவு வரைக்கும் சிரிப்பு வாசல் வாசலாக ஏறிப்போவது கேட்டது. பட்டாளம் வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

"வாயை மூடுங்க!" கேப்டன் கத்தினார். "இதை நடத்தத் தெரிஞ்சவங்க யாரு? தெரிஞ்சவங்க முன்னால வாங்க."

எல்லோருக்கும் தெரியும். தையல்காரரின் காய்ச்சல் குழந்தைக்குக்கூடத் தெரியும். வாளி என் கையில் இருந்தது. வகுப்பில் அரைகுறையாகத் தெரிந்தாலும் கையைத் தூக்கிவிடுகிறவள் நான். கை நடுங்கியது, வாளியின் அடி கதவு நிலைக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. நடுக்கத்தில் அது இரண்டு முறை இடித்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வாளியை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். குளிர்ந்த இரும்பு. அதற்குள் என் மூச்சு கேட்டது.

ஒருவரும் முன்னால் வரவில்லை.

கேப்டன் குதிரையிலிருந்து இறங்கினார். கைத்துப்பாக்கியை எடுத்து மாப்பிள்ளையின் நெற்றியில், சிவப்பு நாடாவுக்குக் கீழே வைத்தார். மாப்பிள்ளை அவர் சட்டையை முகர்ந்தது. அக்கா ஓர் அடி எடுத்து வைத்தாள். அவளுக்கு முன்னால் அண்ணன் தெருவில் இறங்கிவிட்டார், கோணல் காலை இழுத்துக்கொண்டு.

"சுடுங்கய்யா" என்றார். எல்லோருக்கும் கேட்டது. "தாராளமா சுடுங்க. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கறேன். சுட்ட பிற்பாடு இவனை யாரு தூக்கறது? இந்தத் தெருவுல பீரங்கி திரும்பாது. இவன் குறுக்க விழுந்தா சக்கரம் ஏறாது. பின்னால நிக்கற பட்டாளம் அத்தனையும் பொணத்தைத் தாண்டித்தான் போகணும். மேல உங்க பெரியவரு காத்துக்கிட்டிருப்பாரு. உசுரோட இருந்தாலாவது அவுத்துவிட்டா ஓரமா நிப்பான்."

மேலே, வெகு தூரத்தில், முரசு நின்றுவிட்டது. சதுக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போல.

கேப்டன் மாப்பிள்ளையைப் பார்த்தார், பீரங்கியைப் பார்த்தார், ஏற்றத்தைப் பார்த்தார். துப்பாக்கியை உறைக்குள் வைத்தார். "இந்தச் சனியனை அவிழ்த்து இங்கேயே விட்டுடு."

அவிழ்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை மருத்துவச்சியின் வாசலோரம் ஒதுங்கி நின்றது. மற்ற மிருகத்தால் தனியாக ஏற்றத்தில் இழுக்க முடியவில்லை. அதையும் அவிழ்த்துவிட்டு, சிப்பாய்களே கயிறு கட்டி இழுத்தார்கள். வெற்றி நாளுக்காகப் பளபளவென்று துடைத்த பூட்சுகள் ஈரக்கல்லில் வழுக்கின. ஒவ்வொரு வாசலையும் முக்கி முனகிக் கடந்தார்கள். உத்தரவுப்படி எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சும்மா பார்த்தோம். அது அவர்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

கேப்டன் கடைசியாகப் புறப்படுமுன் கேட்டார்: "இது யாருது?"

அண்ணன் வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டாள். "என்னுது. குட்டியிலேருந்து வளத்தவ நான்."

"நடத்தத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா?"

"என்னை யாரு கேட்டா? தெரிஞ்சவங்க முன்னால வாங்கன்னீங்க. நான் பின்னால நின்னுட்டேன்."

இரண்டு சிப்பாய்கள் அவள் கையைப் பிடித்தார்கள். போகும்போது திரும்பி என்னிடம்தான் பேசினாள், அண்ணனிடம் இல்லை. அவரைப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்று தோன்றியது. "தெருவுக்குத் தண்ணி இன்னும் குடுக்கல. தட்டறதை ஒழுங்காத் தட்டு. முந்திக்காத."

எல்லோரும் போன பிறகும் மாப்பிள்ளை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. விலாவில் சாட்டைத் தடம் வீங்கியிருந்தது. மருத்துவச்சி உள்ளே போய் வேறொரு ரொட்டித் துண்டு கொண்டுவந்து அதன் வாயில் வைத்தார். நான் வாளியைத் திருப்பி இரண்டு தட்டுத் தட்டினேன். மாப்பிள்ளை நகர்ந்து, அடுத்த வாசலுக்குப் போய் நின்றது.

அப்போதுதான் நான் அழுதேன்.

சாயங்காலம் வகுப்பு நடக்கவில்லை. வரைபடம் சாரே வீட்டுக்கு வந்தார். அக்காவை ஆற்றங்கரைத் தானியக் கிடங்கில் அடைத்திருப்பதாகச் சொன்னார். அவர்களுடைய ரொட்டி, வெடிமருந்து எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகின்றன.

"சார், உங்க வீட்டுப்பாடம்" என்றேன். "எழுதலாம்தான். ஆனா அவன் எதிர்த்தானா, ரொட்டிக்குக் காத்திருந்தானா, எனக்குத் தெரியலை."

"தெரியலைன்னு எழுது. ஆனா வாளியைக் கட்டிக்கிட்டது யாருன்னு தெரியும் இல்ல, அதையும் எழுது."

மாப்பிள்ளையின் விலாவில் மருந்து தடவிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பினார். "சார், அந்தக் கிடங்கு வாசல் எவ்வளவு அகலம்?"

"ஒத்தை வண்டி போகும். ரெண்டு வண்டி போகாது."

"அவங்களுக்கும் குழாய் உடைஞ்சுதானே கெடக்கு?"

"ஆமா. சிப்பாய்ங்க வாளியோட கிணத்துக்குத்தான் வர்றாங்க."

அண்ணன் மாப்பிள்ளையின் காதைச் சொறிந்துவிட்டார். "கிணத்துலேருந்து வர்ற வழிதான். புது வாசல் புடிச்சுப்போக இவனுக்கு ரெண்டு துண்டு ரொட்டி போதும். வாசல்ல நின்னு அவங்களுக்கும் தண்ணி குடுப்போம். கேட்டா, நீங்களும் தெருக்காரங்கதானேன்னு சொல்லுவோம். ஆனா தட்ட மாட்டோம்."

"சுட்டுடுவாங்கண்ணே" என்றேன். "நேத்து நீங்கதான் சொன்னீங்க."

"நேத்து அவ உள்ள இல்லை." மறுபடி மருந்தைத் தொட்டு மாப்பிள்ளையின் விலாவில் தடவினார். "இவனைச் சுட்டா அந்த வாசலும் அடைஞ்சுபோகும். அதுக்கப்புறம் வண்டியை நான் இழுப்பேன். என் காலுக்கு வாசலுக்கு வாசல் நின்னு நின்னுதான் போக முடியும். எனக்கும் நிக்கத் தெரியும்."

ஒரு திருத்தம். பயத்தில் அவர் கை நடுங்கியது என்று மேலே எழுதியிருக்கிறேன். நடுங்கியது நிஜம். பயம் என்பது என் ஊகம்.

நாளை செய்ய வேண்டியது: விடிந்ததும் பீப்பாயை நிரப்ப வேண்டும். மருத்துவச்சியிடம் ரொட்டித் துண்டுகள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நிறுத்தம் தானியக் கிடங்கு வாசல். கேட்பவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்க வேண்டும், குழாயை மூட வேண்டும். அக்கா வெளியே வரும்வரை வாளியைத் தட்டக் கூடாது.